ஏர்கான் சொட்டும் நீரும் எலெக்ட்ரான் வோல்ட்டும்

தஞ்சோங் பகார் பெருவிரைவு ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் நிற்கும் குவோகோ கோபுரத்தின் உயரம் 290 மீட்டர். 2016இல் கட்டி முடித்தபோது சிங்கப்பூரிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதன் உச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தூக்கிச் செல்ல, உராய்வையும் இயந்திர இழப்பையும் ஒதுக்கிவிட்டால், ஏறக்குறைய 2,850 ஜூல் ஆற்றல் போதும். அதே கட்டடத்துக்குள் ஓடும் ஏர்கான், காற்றில் ஆவியாய்க் கலந்திருக்கும் நீரில் ஒரு லிட்டரைப் பிரித்து வடிகுழாயில் விட வேண்டுமானால், அந்த ஆவியிடமிருந்து 24 லட்சத்து 30 ஆயிரம் ஜூல் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ள வேண்டும். இரண்டும் ஒரே லிட்டர் நீர்தான். ஆனால் இரண்டாவது வேலை முதல் வேலையைப்போல் 850 மடங்கு. குடத்தைத் தூக்கிப் பழகிய உடம்புக்கு இது நம்பும்படியாக இல்லை. குளிர்ந்த கண்ணாடியில் தானே அரும்பும் துளிக்கு என்ன பெரிய செலவு என்றுதான் தோன்றும். ஜூல் என்ற அலகு இந்த வேறுபாட்டை அளந்து காட்டும். ஏன் என்று சொல்ல அதனால் ஆகாது. காரணம் தெரிய வேண்டுமானால் ஒற்றை நீர் மூலக்கூறு அளவுக்கு இறங்கி, அங்கே புழங்கும் அலகில் பேச வேண்டும். அந்த அலகு எலெக்ட்ரான் வோல்ட். உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் இதை ஒரு பெருக்கல் கணக்காக, 1.6 × 10⁻¹⁹ என்ற எண்ணை மனப்பாடம் செய்வதாகக் கற்றுத் தருகிறோம். ஒரு நகரம் தன் ஆற்றலை எங்கே செலவிடுகிறது, அதில் எதை மாற்றலாம், எதை மாற்றவே முடியாது என்று புரிந்துகொள்ள இதைவிட நேரான வழி வேறில்லை என்பது என் வாதம்.

எலெக்ட்ரான் வோல்ட் தன் பெயரிலேயே வரையறையைச் சுமந்திருக்கிறது. ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியிலிருந்து புறப்பட்டுச் சுற்றிவரும் ஒவ்வோர் எலெக்ட்ரானும் வழியில் 1.5 எலெக்ட்ரான் வோல்ட்டை இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. கைபேசியின் லித்தியம் பேட்டரியில் அது சுமார் 3.7. ஒற்றைக் கலமாக 50 வோல்ட் தரும் பேட்டரியை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் பிணைப்புகளின் வலு ஒற்றை இலக்க எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்குவதால், வேதிவினையால் ஓர் எலெக்ட்ரானுக்கு அதற்குமேல் கொடுக்க முடிவதில்லை. ஒரு ஜூலோ கைக்கு எட்டும் அளவு: ஒரு கிலோ அரிசிப் பையைப் பத்து சென்டிமீட்டர் தூக்கினால் ஒரு ஜூல். அந்த ஒரு ஜூலுக்குள் 6.24 × 10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட் அடங்கும்; சொற்களில் எழுதப் போனால் கண்ணைக் கட்டிவிடும், அடுக்குக்குறியே நல்லது.

இப்போது கோபுரத்தின் உச்சிக்கு ஒரே ஒரு நீர் மூலக்கூறைத் தூக்குவோம். செலவு 0.0005 எலெக்ட்ரான் வோல்ட். நம் ஊர் வெப்பத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் சும்மா அலைந்து திரிவதிலேயே கைமாற்றிக்கொள்ளும் ஆற்றல் 0.026 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இருக்கும். ஆக, 290 மீட்டர் ஏற்றம் என்பது மூலக்கூறின் அன்றாடத் துள்ளலில் ஐம்பதில் ஒரு பங்கு. காற்று மண்டலம் தரையில் படிந்துவிடாமல் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது இதனால்தான். ஆனால் நீருக்குள் இருக்கும் மூலக்கூறு அண்டை மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பிணைப்புக்கு ஏறத்தாழ 0.2 எலெக்ட்ரான் வோல்ட்; பகிர்ந்து கணக்கிட்டால் தலைக்கு இரண்டு. அந்தப் பிடியை அறுத்து ஆவியாக 0.45 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். திரும்பிவந்து நீராகும்போது அதே 0.45 வெளிப்படும். 0.0005 எங்கே, 0.45 எங்கே! புவியீர்ப்பு என்பது உலகத்தின் பெரும் விசை என்று நாம் நினைத்திருப்பது, ஒரு பெரிய பூமியின்மேல் நிற்பதால் வந்த பிரமை. ஒரு துகளின் கணக்கில் அது மிக மெலிந்த விசை. ஜூலில் எழுதியபோது புதிராக நின்ற 850 மடங்கு, துகளின் அலகில் எழுதியதும் தானே விளங்கிவிடுகிறது.

துகளின் கணக்கிலிருந்து மின்கட்டணத்துக்கு ஏறி வரும் படிக்கட்டு நாம் நினைப்பதைவிடச் சுலபம். மின்கட்டணச் சீட்டில் வரும் ஒரு கிலோவாட்-மணி, தமிழ்நாட்டுப் பேச்சில் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல். எலெக்ட்ரான் வோல்ட்டில் அது 2.25 × 10²⁵. ஒரு லிட்டர் நீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 3.34 × 10²⁵. இரண்டும் ஒரே அடுக்கில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். கிலோகிராம் கணக்கில் பொருளை எடுத்து, மூலக்கூறுக்கு எலெக்ட்ரான் வோல்ட் கணக்கில் ஆற்றலைப் பெற்றால், மொத்தம் யூனிட் கணக்கில்தான் வரும். சுருக்கமான விதி இது: 26.8 என்ற எண்ணைப் பொருளின் மூலக்கூறு எடையால் வகுத்து, மூலக்கூறுக்கு எத்தனை எலெக்ட்ரான் வோல்ட்டோ அதனால் பெருக்கினால், கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். நீரின் மூலக்கூறு எடை 18, 26.8-ஐ 18-ஆல் வகுத்து 0.45-ஆல் பெருக்க, லிட்டருக்கு 0.67 யூனிட். கோடி கோடி என்று மலைக்க ஒன்றுமில்லை. ஒரு சிறு கணக்குப்பொறி போதும். பழகினால் அதுவும் வேண்டாம்.

இந்தப் படிக்கட்டில் நின்று தஞ்சோங் பகார் துறைமுகத்தைப் பார்க்கலாம். கொள்கலன் முனையம் அங்கே 1972இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கிய கைகளில் தமிழர்களின் கைகள் ஏராளம். ஒருவர் 50 கிலோ மூட்டை 500-ஐ ஒரு நாளில் மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பு முறியும் வேலை. பளுவுக்குக் கொடுத்த ஆற்றல் 7 லட்சத்து 35 ஆயிரம் ஜூல், அதாவது 0.2 யூனிட். 300 மில்லிலிட்டர் நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் அவ்வளவு. பின்னால் வந்த பாரந்தூக்கி 20 டன் கொள்கலன் ஒன்றை 30 மீட்டர் தூக்கினால் 1.6 யூனிட்; ஏர்கான் வடிக்கும் இரண்டரை லிட்டர் நீரோடு அது சரியாகிவிடுகிறது. உழைப்பைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. மனித உடம்பு எவ்வளவு மெல்லிய ஆற்றலைக் கொண்டு ஒரு துறைமுகத்தையே நகர்த்தியிருக்கிறது என்பதை இந்த எண்கள்போல் வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. தூக்குவதும் நகர்த்துவதும் ஒரு நகரத்தின் பெருஞ்செலவாக இருக்கவில்லை. மூலக்கூறுகளின் பிடியை மாற்றுவதும் வெப்பத்தை இடம் மாற்றுவதுமே பெருஞ்செலவு.

தஞ்சோங் பகார் தொகுதியை 1955 முதல் 2015இல் மறையும்வரை நாடாளுமன்றத்திலும் அதற்கு முந்தைய சட்டமன்றத்திலும் பிரதிநிதித்த லீ குவான் இயூ, ஏர்கானை மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சொன்னவர். வெப்ப மண்டலத்தில் நாள் முழுதும் அலுவலக வேலை நடக்க அதுவே வழி என்பது அவர் கருத்து. அந்த வசதியின் விலையை ஆயிரம் காற்று மூலக்கூறுகளை வைத்துக் கணக்கிடலாம். வெளியே வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அந்த ஆயிரத்தில் ஏறத்தாழ 34 மூலக்கூறுகள் நீர். அறைக்குள் 24 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டுமானால் 18 மட்டும் இருக்கலாம். மிச்சம் 16 வெளியேற வேண்டும். ஆயிரம் மூலக்கூறுகளையும் ஆறு டிகிரி குளிர்விக்க 1.8 எலெக்ட்ரான் வோல்ட் எடுத்தால் போதும். அந்த 16 நீர் மூலக்கூறுகளைத் துளியாக்க 7.2 எடுக்க வேண்டும். நான்கு மடங்கு! வெளிக்காற்று உள்ளே நுழையும்போது ஏர்கான் பாடுபடுவது சூட்டோடு அல்ல, ஈரத்தோடு. 1987 டிசம்பர் 12 அன்று திறந்தபோதே தஞ்சோங் பகார் நிலையத்தின் நடைமேடையில் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடிக் கதவுகள் இருந்தன. குளிர்ந்த காற்றைக் காத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது அவற்றின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஆயிரத்துக்கு 16 என்ற அந்தச் சிறு கூட்டத்தை வெளியே நிறுத்துவதுதான் அந்தக் கதவுகள் செய்யும் பெரிய வேலை. அறைக்குள்ளேயே சுழலும் காற்றுக்கு இந்த விகிதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்களும் விளக்குகளும் வெயில் விழும் சுவர்களும் தரும் வெப்பம் அங்கே கணக்கில் முன்னால் வந்துவிடும்.

ஏர்கான் தொழிலில் இருப்பவர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார். எங்களுக்கு எலெக்ட்ரான் வோல்ட் தேவைப்பட்டதே இல்லையே. பிடியு என்ற வெப்ப அலகிலும் ஈரக்காற்று வரைபடத்திலும் எல்லாம் முடிந்துவிடுகிறதே என்பார். உண்மைதான். 12,000 பிடியு ஏர்கான் என்று கடையில் சொல்வது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை அகற்றுவது. பழைய அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும் வேகம் அது. பனி உருகும்போது மூலக்கூறுக்கு 0.062 எலெக்ட்ரான் வோல்ட்தான் கைமாறுகிறது என்று தெரியாமலேயே நூறாண்டுக்கு மேல் அந்த அலகு நன்றாக உழைத்திருக்கிறது. பட்டியலைப் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க அணுக்கணக்கு வேண்டியதில்லை. பட்டியல் சொல்லாத ஒன்றை அறியத்தான் அது வேண்டும்: இந்த எண்களில் எது இயற்கையின் விதி, எது நம் திறமைக்குக் கட்டுப்பட்டது? 0.45-ஐ எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. அது ஹைட்ரஜன் பிணைப்பின் அளவு. அந்த 0.45-ஐ வெளியே தள்ளச் செலவிடும் மின்சாரத்தைக் குறைக்கலாம். நல்ல ஏர்கான் ஒரு பங்கு மின்சாரத்தில் நான்கு பங்கு வெப்பத்தை நகர்த்துகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2018இல் அறிவித்த, கம்ப்ரஸர் இல்லாத ஏர்கானில் காற்றைக் குளிர்விக்கும் முன்பே ஈரத்தை ஒரு மென்சவ்வால் பிரித்துவிடுகிறார்கள். தாக்க வேண்டிய இடம் ஈரம்தான் என்று மேலே பார்த்த 7.2-உம் 1.8-உம் முன்பே சொல்லிவிட்டன.

இன்னும் ஒரு படி போகலாம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு மீத்தேன் மூலக்கூறு எரிந்தால், உண்டாகும் நீர் ஆவியாகவே வெளியேறும் கணக்கில், 8.3 எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. கூடவே ஒரு கரியமில வாயு மூலக்கூறு பிறக்கிறது. மின்நிலையம் பாதியை மின்சாரமாக்கினால் 4.15. ஒரு யூனிட்டில் இருக்கும் 2.25 × 10²⁵ எலெக்ட்ரான் வோல்ட்டை 4.15-ஆல் வகுத்தால் எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் என்று தெரியும். எடை போட்டால் ஏறத்தாழ 395 கிராம். எரிசக்திச் சந்தை ஆணையம் வெளியிட்டுவரும் எண் அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்கு 0.4 கிலோவை ஒட்டியே இருந்திருக்கிறது. ஒன்று நாட்டின் எரிபொருள் கணக்குகளைக் கூட்டிப் பெற்றது; மற்றொன்று ஒற்றை மூலக்கூறின் பிணைப்பிலிருந்து எழுந்தது. பாதி என்ற விகிதத்தை நான் வசதிக்காக வைத்துக்கொண்டேன் என்று ஒருவர் சொல்லலாம். வைத்துக்கொண்டதுதான், இணைசுழற்சி எரிவாயு நிலையங்கள் அந்த அளவில் இயங்குகின்றன என்பதே அதற்கு ஆதாரம். விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும், ஒரு துளி வெப்பமும் வீணாகாத நிலையம் ஒன்றைக் கற்பனை செய்தாலும், மீத்தேனை எரித்து அந்தக் கரியமில வாயுவை வெளியே விடும்வரை யூனிட்டுக்கு ஏறத்தாழ 200 கிராமுக்குக் கீழே இறங்க முடியாது. அந்தத் தரையை 8.3 என்ற எண் போட்டுவிட்டது. எந்தக் கட்டணச் சீட்டிலும் இது எழுதியிருக்காது.

அலகுகள் பெருகினால் குழப்பமும் பெருகும், எல்லாவற்றையும் ஜூலிலேயே எழுதலாமே என்பது இன்னொரு தடை. சிராங்கூன் சாலை நகைக்கடையில் தங்கத்தை டன்னில் எழுதினாலும் கணக்கு தவறாது. ஆனால் வளையலுக்கும் மோதிரத்துக்கும் உள்ள வேறுபாடு தசமப் புள்ளிக்குப் பின் வரும் சுழியங்களில் மறைந்துபோகும். 10⁻¹⁹ என்ற வால் ஒட்டிய எண்களிலும் அதுவே நடக்கிறது. அனைத்துலக அலகு முறையும் எலெக்ட்ரான் வோல்ட்டைத் தன்னோடு சேர்த்துப் பயன்படுத்த இடம் தந்திருக்கிறது. இந்த மாற்று எண்ணைப் பெற மனிதர் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மிதக்கவிட்டு அளந்தார். 1913இல் அவர் தந்த மதிப்பு இன்றைய மதிப்பைவிட ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவு. துளிக் கணக்கில் அவர் பயன்படுத்திய காற்றின் பிசுக்குமை சற்றுப் பிழையானது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை அளந்தவர்களின் எண் அதனோடு ஒத்துவராமல் போன பிறகே, 1930களில், அது வெளிப்பட்டது. அத்தனை காலமும் அணு உலகுக்கும் அன்றாட உலகுக்கும் நடுவே இருந்த பாலம் சற்றுக் கோணலாகவே நின்றது. 2019 மே 20 முதல் மின்னூட்டத்தின் மதிப்பை வரையறையாகவே நிறுத்திவிட்டார்கள். ஓர் எலெக்ட்ரான் வோல்ட் இப்போது 1.602176634 × 10⁻¹⁹ ஜூல். இதில் பிழைக்கு இடமே இல்லை.

நுட்பமான தடை ஒன்று மிச்சம் இருக்கிறது. லிட்டருக்கான வெப்பத்தை மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுத்துவிட்டு, ஏதோ ஒவ்வொரு மூலக்கூறும் 0.45-ஐக் கையில் எண்ணிக் கொடுப்பதுபோல் பேசலாமா? கூடாது. 0.45 ஒரு சராசரியே. ஆவியாகும் மூலக்கூறுகள் கூடவும் குறையவும் எடுத்துச் செல்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் துகளின் கணக்கு வெறும் சராசரி அல்ல. திருச்சிக்கருகே திருவானைக்காவில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட விளைவை எடுத்துக்கொள்வோம். பாதரச விளக்கின் நீல ஒளித்துகள் ஒவ்வொன்றும் 2.84 எலெக்ட்ரான் வோல்ட் சுமந்து பென்சீனுக்குள் நுழைகிறது. மூலக்கூறில் ஓர் அதிர்வைக் கிளப்பிவிட்டு 2.72-ஆக வெளிவருகிறது. குறைந்த 0.12 பென்சீனுக்கே உரிய குறிப்பிட்ட அளவு. அங்கே கைமாறுவது ஒற்றைத் துகளின் கணக்கு. சிலிக்கான் சூரியத் தகட்டிலும் அப்படித்தான். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கும் 60 மெகாவாட் பண்ணையில், 1.12 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஒளித்துகள் எத்தனை விழுந்தாலும் ஓர் எலெக்ட்ரானைக்கூட விடுவிக்காது. பச்சை ஒளித்துகள் 2.3 கொண்டுவந்தால் 1.12-க்கு மேற்பட்டது சூடாகிக் கழியும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை ஜூல் வெயில் விழுகிறது என்று மட்டும் தெரிந்தவருக்கு இந்த இழப்பு விளங்காது.

இதே அறிவைத் தவறாகக் கையாளவும் முடியும் என்பதால் எச்சரிக்கை தேவை. கைபேசிக் கோபுரத்தின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு துகளின் ஆற்றல் 0.0000145 எலெக்ட்ரான் வோல்ட். உடம்பின் மூலக்கூறுகள் இயல்பாகவே கைமாற்றிக்கொள்வதில் ஆயிரத்தெண்ணூறில் ஒரு பங்கு. நண்பகல் வெயிலின் புற ஊதாத் துகளோ 4 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன் அணுக்களின் பிணைப்பையே குலைக்க அது போதும். கோபுரத்துக்கு அஞ்சி வெயிலில் தலைமறைப்பின்றி நடப்பவர் எண்களைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அதற்காகச் சிறிய துகளெல்லாம் தீங்கற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது. மைக்ரோவேவ் அடுப்பின் துகள் கோபுரத்தின் துகளைவிடச் சிறியதுதான், சோற்றைச் சூடாக்கிவிடுகிறது. ஜெனீவாவின் பெரும் மோதுகருவியில் ஒரு புரோட்டான் பெற வடிவமைக்கப்பட்ட ஆற்றல் 7 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஜூலில் எழுதினால் ஒரு கொசுவை ஐந்து சென்டிமீட்டர் தூக்கக்கூடிய அளவு! ஆனால் கற்றையில் ஓடும் புரோட்டான்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 100 யூனிட். ஒரு துகளுக்கு எவ்வளவு என்பது எந்த வகை மாற்றம் நடக்கும் என்று சொல்லும்; மொத்தம் எவ்வளவு என்பது அது எந்த அளவுக்கு நடக்கும் என்று சொல்லும். இரண்டையும் கேட்காமல் ஆற்றலைப் பற்றி எடுக்கும் முடிவு பாதி முடிவு.

இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எலெக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்றும் பாடத்தை அடுக்குகளின் பெருக்கலோடு முடித்துவிடாமல், வீட்டு ஏர்கானின் வடிகுழாய் நீரில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் போத்தல் நிறைந்தால் அதில் 3.3 × 10²⁵ மூலக்கூறுகள். ஏர்கான் ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பத்தை நகர்த்துவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 37 நீர் மூலக்கூறுக்கும் ஜூரோங் தீவிலோ துவாசிலோ செனோக்கோவிலோ ஒரு மீத்தேன் மூலக்கூறு எரிந்திருக்கும். போத்தல் முழுவதற்கும் சேர்த்து வானில் கலந்த கரியமில வாயு ஏறத்தாழ 66 கிராம்.